அப்பாவுக்குத் தோள் கொடுத்த தண்டையார்பேட்டை உறவுகளுக்கு

எங்கள் தெருவாருக்கும், அப்பாவின் படைத்தோழர்களுக்கும், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அன்றிரவு பணியில் இருந்தவர்களுக்கும் வணக்கம்.

அப்பா போய் இன்றோடு 22 நாள் ஆகிறது. 16ஆம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடமாவது நேரில் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. யாரைப் பார்த்தாலும் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன்.

அன்றிரவு பெய்த மழையில் எங்கள் சந்து முழுக்க முழங்கால் அளவு தண்ணீர். 108 வண்டியால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. முனையில் கேரம் ஆடும் தம்பிகள் ஐந்து பேர் என் குரல் கேட்டு ஓடிவந்தார்கள். அப்பாவை மர நாற்காலியில் உட்காரவைத்து, நழுவாமல் இருக்க அவருடைய வேட்டியாலேயே இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். நான்கு பேர் தூக்கினார்கள். ஐந்தாவது தம்பி முன்னால் நடந்து, சாக்கடை மூடி எங்கே திறந்து கிடக்கிறது என்று காலாலேயே தடவிப் பார்த்து, "இந்தப் பக்கம் வாங்க, அங்கே வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே போனான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த நிலையிலும் அப்பாவின் கண் அவன் காலைவிட்டு அகலவில்லை.

அப்பா ஏன் அப்படிப் பார்த்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1969இல் 18 வயதில் படையில் சேர்ந்து, பெங்களூரில் பயிற்சி பெற்று, இராணுவத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் பணியாற்றியவர் அவர். 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரில், மேற்கு முனையில், பசந்தர் ஆற்றங்கரையில் இருந்தார். டாங்கிகள் ஆற்றைக் கடக்கும் முன் வழியிலிருந்த கண்ணிவெடிகளை அகற்றுவது சாப்பர்களின் வேலை. இதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே ஒருமுறைதான். காசிமேட்டுக் கடற்கரையில் ஈர மணலில் ஒரு சிப்பியைப் புதைத்து, ஈர்க்குச்சியைச் சாய்த்துப் பிடித்து மெல்லக் குத்திக் காட்டினார். "நேராகக் குத்தினால் மேலே பட்டு வெடிக்கும். சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் தட்டும். அவசரப்படக் கூடாது" என்றார். அவ்வளவுதான். மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்தப் போருக்காகக் கிடைத்த பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் என்ற இரண்டு பதக்கங்களும் அம்மாவின் பழைய புடவைத் துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தன. அவர் அவற்றை அணிந்து நான் பார்த்ததே இல்லை.

எங்கள் சிறு வயதில் அப்பா என்றால் 56 ஏ.பி.ஓ. என்று இராணுவ அஞ்சலக முகவரி போட்ட நீல நிற இன்லேண்ட் கடிதம்தான். அதில் மடிக்கும் ஓரம்வரை எழுதியிருப்பார். 1990இல் ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்த பிறகு, இழந்த வருடங்களையெல்லாம் எங்களுக்குத் திருப்பித் தருவதுபோல் வாழ்ந்தார். பகலில் கிடங்குக் காவல் வேலை, மாலையில் எங்கள் இருவருக்கும் கணக்குப் பாடம்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருடமாகிறது. வலது கை இயங்காது. அன்றிலிருந்து அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னியது அப்பாதான். முதலில் நுனியில் சிக்கெடுப்பார், பிறகு கொஞ்சம் மேலே, பிறகு இன்னும் மேலே. ஒரு முடி இழுபட்டாலும் நிறுத்திவிட்டு, "வலிக்குதா?" என்பார். தினமும் காலை ஆறரை மணிக்கு, ஜன்னல் ஓரத்தில், அரை மணி நேரம்.

அப்பா போன மறுநாள் வீடு நிறைய ஆட்கள். அம்மாவின் தலையை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு மாடி வீட்டு அக்கா சீப்பும் தேங்காய் எண்ணெயுமாக வந்து, எதுவும் கேட்காமல் அம்மாவின் பின்னால் உட்கார்ந்தார். நுனியிலிருந்துதான் ஆரம்பித்தார். அம்மா அதுவரை அழவில்லை, அப்போதுதான் அழுதார். அக்கா, அன்று முதல் இன்றுவரை ஒரு நாள்கூட நீங்கள் தவறவில்லை. இதற்கு நன்றி என்ற சொல் போதவில்லை.

அதிகாலை நான்கு மணிவரை போராடிய மருத்துவர்களுக்கும், அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றித் துடைத்து என் உள்ளங்கையில் வைத்து மூடிய செவிலியருக்கும் நன்றி. விடிவதற்குள் பந்தலும் நாற்காலியும் போட்டவர்களுக்கும், மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பியவர்களுக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போய் வந்த ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி.

மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்களைப் படையில் 'தம்பி' என்றுதான் அழைப்பார்களாம். மூலக்கொத்தளம் மயானத்தில் அப்பாவின் படைத்தோழர்களான ஏழு முதியவர்கள் வரிசையாக நின்று சல்யூட் அடித்து, 74 வயது அப்பாவை "போய் வா தம்பி" என்று வழியனுப்பினார்கள். வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்த ஐயாவும் அவர்களில் ஒருவர். அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கான படிவங்களை உடனிருந்து நிரப்பித் தந்தவரும் அவரே. படைப் பதிவேட்டில் அம்மாவின் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்ததை அவர் கவனித்திருக்காவிட்டால் நாங்கள் மாதக்கணக்கில் அலைந்திருப்போம்.

யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மூன்று எவர்சில்வர் தூக்கு, ஒரு பெரிய அண்டா, பச்சைக் கைப்பிடி போட்ட ஒரு குடை இருக்கின்றன. யாருடையவை என்று தெரியவில்லை. கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஆறரை மணிக்கு வந்தால் அம்மா ஜன்னல் ஓரத்தில்தான் இருப்பார். அவரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
மூத்த மகள்