பதக்கப் பட்டையைப் பிரித்து விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய சாமான் கடைகளிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலும் சில வேளை ஜெர்மன் ராணுவப் பதக்கங்கள் வந்து சேர்கின்றன. மூன்று முதல் ஏழெட்டுப் பதக்கங்கள் வரை ஒரே தகட்டில் நாடாவோடு தைத்து, பின்னால் சட்டையில் குத்த ஊசி வைத்திருப்பார்கள். அதுதான் பதக்கப் பட்டை. தனித்தனியாகப் போனால் காசு கூட வரும் என்று தையலை அறுத்து ஒவ்வொன்றாகத் தட்டில் பரப்பிவிடுகிறார்கள். வாங்க வருபவர்களும் "இரும்புச் சிலுவை மட்டும் போதும்" என்கிறார்கள். இதை நிறுத்தச் சொல்லவே இந்தக் கடிதம்.

மலாயா அவசரகாலத்தில் (1948–60) ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்த தாத்தாவின் பதக்கம் நம் தோட்டப்புற வீடுகள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. "மலாயா" என்ற பட்டயம் (நாடாவில் குத்தும் சிறு தகடு) கொண்ட பிரிட்டிஷ் பொதுச் சேவைப் பதக்கம் அது. அதற்கான சேவைக் கணக்கு 1948 ஜூன் 16-இல் தொடங்குகிறது. எங்கள் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் சுடப்பட்ட நாளும் அதுவே. அந்தப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பினால் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். ஜெர்மன் பதக்கத்தில் பெரும்பாலும் அப்படி எதுவும் கிடையாது. எந்தெந்தப் பதக்கம், எந்த வரிசையில், எந்த நாடாவில், எப்படித் தைத்திருக்கிறது என்பதுதான் அங்கே ஒருவரின் பெயர். தையலை அறுத்த கணமே அந்தப் பெயர் போய்விடும்.

படிக்கும் முறை நம் நாட்டவருக்குச் சுலபமாகவே புரியும். பேராக் சுல்தான் தரும் விருது வேறு, கெடா சுல்தான் தரும் விருது வேறு. 1918 வரை ஜெர்மன் பேரரசும் அப்படித்தான் இருந்தது. அதில் 25 மாநிலங்கள். பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க் மன்னர்களும் சிறு சமஸ்தானாதிபதிகளும் ஹாம்பர்க், பிரேமன், லூபெக் நகரங்களும் தத்தம் விருதுகளைத் தந்தன. ஆகவே பட்டையில் உள்ள மாநில விருது ஆள் எந்தப் பக்கத்தவர் என்று கைகாட்டும். பதவி நிலையையும் சொல்லும்: பவேரிய ராணுவத் தகுதி 'ஆர்டர்' அதிகாரிகளுக்கு, அதே பெயரில் உள்ள 'சிலுவை' கீழ்நிலை வீரர்களுக்கு.

அடுத்து, காலம். முதலாம் வில்ஹெல்ம் பேரரசரின் பிறந்த நூற்றாண்டுப் பதக்கம் இருந்தால் அவர் பெரும்பாலும் 1897 மார்ச் 22 அன்று படையில் இருந்தவர். முதல் உலகப் போர் இரும்புச் சிலுவையில் 1914 என்ற ஆண்டும் கிரீடமும் W எழுத்தும் இருக்கும். போர்முனையில் நின்றவருக்குக் கறுப்பு நாடாவில் இரண்டு வெள்ளைக் கோடுகள். மற்றவருக்கு வெள்ளை நாடாவில் கறுப்புக் கோடுகள். முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கான ஹிண்டன்பர்க் சிலுவை (முனையில் நின்றவருக்கு வாளுடன், மற்றவருக்கு வாளில்லாமல்) 1934 ஜூலை 13-இல்தான் ஏற்படுத்தப்பட்டது. அது இருந்தால் பட்டை அதற்குப் பிறகு தைத்தது. நீல நாடாவில் ராணுவ நீண்டகாலச் சேவை விருது இருந்தால் 1936-க்குப் பிறகு. அந்த நாடாவில் குத்திய கழுகைக் கவனியுங்கள்: பறக்கும் கழுகு என்றால் விமானப்படை, விறைத்து நிற்கும் கழுகு என்றால் தரைப்படை அல்லது கடற்படை.

ஐந்து பதக்கம் உள்ள பட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பார்ப்பவரின் இடக்கைப் பக்கமிருந்து 1914 இரும்புச் சிலுவை, பவேரிய ஆர்டர் வாளுடன், ஹிண்டன்பர்க் சிலுவை வாளுடன், பிறகு 25 ஆண்டுச் சேவைச் சிலுவை, 12 ஆண்டுப் பதக்கம், இரண்டிலும் பறக்கும் கழுகு. முதல் போரில் முனையில் நின்ற அதிகாரி, 1936-க்குப் பிறகும் பணியில் இருந்தார், கடைசியில் விமானப்படைக்குப் போனார் என்று இது சொல்லிவிடுகிறது. பவேரியர்தானா என்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். கூட நின்று போரிட்ட பிரஷ்ய அதிகாரிகளுக்கும் அந்த ஆர்டர் கிடைத்திருக்கிறது. இளவரசர் லூயிட்போல்ட் முகம் பதித்த பவேரியப் படைப் பதக்கமும் கூட இருந்தால் சந்தேகம் பெரிதும் தீரும்.

இனி, ஆளைத் தேடுவது. பிரஷ்யப் படையின் ஆள் கோப்புகள் 1945 ஏப்ரல் 14 இரவு போட்ஸ்டாம் மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்து போயின. அதனால் பிரஷ்ய அதிகாரிகளுக்குப் போருக்கு முன் ஆண்டுதோறும் அச்சான தரவரிசை ஏடுகளே முக்கிய வழி. அவற்றில் பெயருக்குப் பக்கத்தில் அவரவர் விருதுகள் சுருக்கக் குறியாக இருக்கும். பட்டையில் உள்ள சேர்க்கையோடு ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். சாதாரண வீரர்கள் அந்த ஏட்டில் இல்லை. பவேரியருக்கு அதிர்ஷ்டம்: மியூனிக் போர் ஆவணக் காப்பகத்தில் படைப்பதிவேடுகள் பிழைத்திருக்கின்றன. பிறந்த நாள், ஊர், பெற்றோர், போரிட்ட இடங்கள், விருதுகள் எல்லாம் அதில் உண்டு. வூர்ட்டம்பெர்க்குக்கு ஸ்டுட்கார்ட், சாக்சனிக்கு டிரெஸ்டன், பாடனுக்குக் கார்ல்ஸ்ரூ. கடற்படை ஆவணங்கள் 1945-இல் டம்பாக் கோட்டையில் நேச நாட்டுப் படையினர் கையில் சேதமில்லாமல் சிக்கின. இப்போது ஃபிரைபர்க் ராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கடற்படை என்றதும் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் நினைவு வரும். 1914 செப்டம்பர் 22-இல் சென்னையைச் சுட்டு, அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்தில் ரஷ்யக் கப்பலை மூழ்கடித்த அந்தக் கப்பலின் பெயர் நம் பேச்சிலேயே ஒட்டிக்கொண்டது. அதனால் "எம்டன் பதக்கம்" என்று சொல்லி விலை ஏற்றுவதும் உண்டு. மெக்சிகோ வெள்ளி நாணயத்தில் கிரீடம் வைத்துச் செய்தது ஆஸ்திரேலியப் பதக்கம். எம்டனிலிருந்து எடுத்த நாணயங்களைக் கொண்டு, எம்டனை வீழ்த்திய ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியின் வெற்றிக்காகச் செய்தது. ஜெர்மன் மாலுமியின் பட்டையில் அதற்கு வேலையில்லை. பிழைத்து வந்த எம்டன் மாலுமிகள் குடும்பப் பெயரோடு "எம்டன்" சேர்த்துக்கொள்ள அனுமதி பெற்றார்கள் என்பதுதான் தேடுபவருக்குப் பயன்படும் துப்பு.

இரும்புச் சிலுவையும் ஹிண்டன்பர்க் சிலுவையும் மட்டும் உள்ள பட்டைக்கு ஆளைத் தேடிப் பணம் செலவழிக்காதீர்கள். வாள் உள்ள ஹிண்டன்பர்க் சிலுவை மட்டுமே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள்.

ஒட்டுப்போட்ட பட்டைகள் ஏராளம். முதலில் புத்தியால் பாருங்கள். ஹிண்டன்பர்க் சிலுவை ஒருவருக்கு ஒன்றுதான். வாளுள்ளதும் வாளில்லாததும் ஒரே பட்டையில் இருந்தால் பொய். கறுப்பு நிற ஹிண்டன்பர்க் சிலுவை போரில் இறந்தவரின் விதவைக்கும் பெற்றோருக்கும் உரியது. வீரரின் பட்டையில் அது வராது. இரண்டாம் போரில் மறுபடி இரும்புச் சிலுவை பெற்றவர் 1914 நாடாவில் "1939" கழுகுப் பட்டயம் குத்துவார். அது 1939 நாடாவில் இருந்தால் யாரோ பிறகு கைவைத்திருக்கிறார்கள். ஸ்வஸ்திகா இல்லாமல் ஓக் இலையோடு வரும் சிலுவையைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். 1957 சட்டப்படி மேற்கு ஜெர்மனியில் அணிய அனுமதித்த வடிவம் அது.

பிறகு கண்ணால். பதக்கத்தை மெல்ல ஒதுக்கினால் அதற்கு அடியில் நாடா நிறம் மங்காமல் இருக்க வேண்டும், பதக்கத்தின் நிழலுருவம் துணியில் பதிந்திருக்க வேண்டும். தையல் நூல் முழுக்க ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். புற ஊதா விளக்கில் புதிய செயற்கை நூல் வெள்ளையாக ஒளிரும். விளக்கு 365 நானோமீட்டராக இருக்கட்டும். மலிவான 395 விளக்கின் ஊதா வெளிச்சமே கண்ணைக் குழப்பும். சோப்புத்தூளில் அலசிய பழைய துணியும் ஒளிரும், ஏனென்றால் தூளில் வெண்மையூட்டி இருக்கிறது. அதனால் ஒளிர்வதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

தயவுசெய்து குத்துவிளக்கைப் போல் புளி போட்டுத் துலக்க வேண்டாம். ஹிண்டன்பர்க் சிலுவை பெரும்பாலும் வெண்கல நிறம் ஏற்றிய இரும்பு. மேல்பூச்சு போனால் நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே துரு ஏறும். பிவிசி உறையும் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்துப் பதக்கத்தில் பச்சை பிடிக்கும். அமிலமில்லாத தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வைத்தால் போதும்.

விற்பதற்கு முன் பட்டையின் முன்பக்கம், பின்பக்கம், ஊசி, கடைச் சீட்டு இருந்தால் அது, எல்லாவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். ஏற்கெனவே அறுத்துவிட்டிருந்தால் தகட்டையும் துணியையும் நூல் துண்டையும் எறியாதீர்கள். துணியில் உள்ள நிழலுருவை வைத்து எது எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துத் தாளில் வரைந்து, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வையுங்கள். திரும்பத் தைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பழம்பதக்க ஆர்வலர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.