லிட்டோமிஷ்லில் பார்த்த படுதாக்கள்

கயல் கண்ணு,

அன்றைக்கு நீ போனில் அழுதபோது எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பள்ளி நாடகத்துக்காக இரண்டு மாதம் ராத்திரி பகலாக நீ வரைந்த சீன், மேடையேறியது மூன்றே தடவை, அப்புறம் வைக்க இடமில்லை என்று தட்டிகளைப் பிரித்துப் பழைய மர விலைக்குப் போட்டுவிட்டார்கள். "சரி விடும்மா" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

நேற்று அண்ணன் எங்களை இந்தச் செக் நாட்டிலேயே பிர்னோ நகரத்திலிருந்து லிட்டோமிஷ்லுக்குக் கூட்டிப்போனான். சின்ன ஊர். மேட்டின்மேல் ஒரு மறுமலர்ச்சிக் கால மாளிகை, 1568-இல் தொடங்கி 1581-இல் முடித்தது, பெர்ன்ஷ்டைன் குடும்பத்து விராத்திஸ்லாவ் என்ற பிரபு கட்டியது. சுவரைப் பார்த்தால் உனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். கருஞ்சாந்து பூசி, அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காய்வதற்குள் கீறி எடுத்த கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒட்டிய கடித உறை மாதிரி. சுமார் 8000 இருக்கிறதாம், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. செக் மொழியில் அதைச் 'சின்னக் கடிதம்' என்றுதான் சொல்கிறார்கள். அம்மா ஒரே மாதிரி இரண்டைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று கழுத்து வலிக்க நின்றாள். எதிரிலிருக்கும் மதுவடிசாலையில்தான் 1824-இல் இசையமைப்பாளர் ஸ்மெத்தனா பிறந்தார், அப்பா அங்கே பீர் வடிப்பவர்.

நான் சொல்ல வந்தது உள்ளே இருக்கும் நாடக அரங்கைப் பற்றி. மேற்குப் பக்கக் கட்டடத்தில், 1796-97-இல் வால்ட்ஷ்டைன் குடும்பத்துப் பிரபு தன் வீட்டாருக்காகக் கட்டியது. முழுக்க மரம். சுமார் 150 பேர் உட்காரலாம், அவ்வளவுதான். ஊருக்கு டிக்கெட் போட்டு நடத்திய கொட்டகை இல்லை, வீட்டு ஆட்களும் நண்பர்களும் வேஷம் கட்டி ஆட, மற்றவர்கள் பார்ப்பது. நம் பள்ளிக்கூட ஹாலைவிடச் சின்னது கயல், நுழைந்ததும் "இவ்வளவுதானா" என்றுதான் எனக்கும் தோன்றியது.

அப்புறம் மேடையைப் பார்த்தேன். பின்படுதா, இரண்டு பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே உள்வாங்கி நிற்கும் பக்கத் தட்டிகள், எல்லாம் அந்தக் காலத்தவை. சில அடி ஆழத்தில் ஒரு நீளமான மண்டபத்தையே கண்ணுக்குக் காட்டுகிறது. நீ சொல்வாயே, பார்ப்பவன் கண்ணைக் கோடு பிடித்து உள்ளே இழுக்கணும் என்று, அதேதான். அப்போதெல்லாம் ஒவ்வொரு நாடகத்துக்கும் புதுசாகச் சீன் வரையமாட்டார்கள், ஒரு காடு, ஒரு சிறை, ஒரு அரண்மனை இருந்தால் எந்தக் கதைக்கும் அதையே இறக்குவார்கள். படுதாவை மாற்றும் மர இயந்திரங்களும் அப்படியே இருக்கின்றன.

வரைந்தவர் யோசெப் பிளாட்சர். ப்ராகில் 1751-இல் ஒரு சிற்பியின் மகனாகப் பிறந்து, வியன்னாவில் அரசவை அரங்கின் ஓவியராக இருந்தவர். ப்ராகில் மோட்சார்ட்டின் 'தோன் ஜொவான்னி' என்ற இசை நாடகம் முதலில் அரங்கேறிய அந்தப் பெரிய அரங்கத்துக்கும் சீன் வரைந்தவர் அவர்தான். பெரிய மேடை என்றால் படுதா ஓயாமல் ஏறி இறங்கும், கிழியும், மேலே வேறு சாயம் பூசுவார்கள், மெழுகுவர்த்தியில் தீப்பிடிக்கும். இந்தச் சின்ன வீட்டு அரங்கத்தில் எப்போதோ ஒருநாள் நாடகம், மற்ற நாளெல்லாம் கதவு சாத்தியே கிடந்திருக்கும். அவர் கைவேலை ஒரு முழுத் தொகுதியாக இன்றைக்கும் நிற்பது இங்கேதான். ராஜாக்களுக்காக வரைந்ததைவிட, வீட்டுப் பிள்ளைகள் வேஷம் கட்டி விளையாடிய இந்த மேடைக்கு வரைந்துகொடுத்தது தங்கிவிட்டது! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, அம்மா என்னவென்று கேட்டாள், உன் ஞாபகம் என்று மட்டும் சொன்னேன்.

உன் சீன் போனது போனதுதான், அதற்கு இதைக் கொண்டு ஈடுகட்ட வரவில்லை. அதைப் பிரித்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அந்தக் கிணற்றடித் தட்டி ஒன்று மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது என்றாய் இல்லையா, அது மொட்டைமாடியில் கிடந்தால் உடனே கீழே இறக்கு, மழைக்காலம் வருகிறது. என் அறையில் அலமாரிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, துணியைச் சட்டத்திலிருந்து கழற்றாதே, படுக்கப் போடாமல் நிற்கவை. வந்ததும் நான் பார்க்கணும்.

அப்பா