டாக்டரம்மாவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

டாக்டர் தொழிலிலிருந்து நாடாளுமன்றம் போனவர்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். சுசீலா நய்யாரைச் சொன்னவர், அவருடைய டெல்லிக் கல்லூரித் தோழி சௌந்தரம் ராமச்சந்திரனை எப்படி மறந்தார்? 1962இல் திண்டுக்கல்லில் ஜெயித்து, மத்தியக் கல்வித் துணை அமைச்சராக இருந்தவர். இன்று எங்கள் கொடைக்கானல் கீழ்மலையும் அதே தொகுதியில்தான் இருக்கிறது.

டி.வி.எஸ். நிறுவனரின் மகள் என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. இளம் வயதிலேயே கணவரைப் பிளேக்கில் பறிகொடுத்தவர். அந்தக் காலத்து அய்யங்கார் வீட்டு விதவை, மூலையில் உட்காராமல் டெல்லி லேடி ஹார்டிங்கில் டாக்டருக்குப் படித்தார். 1940இல் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்தார், அதுவும் சாதி கடந்து. 1947இல் இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் திண்டுக்கல் பக்கத்துக் கிராம சேவை நிறுவனமான காந்திகிராமம்.

அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனையில்தான் 1958இல் என் பெரிய மாமா பிறந்தார். தாண்டிக்குடியிலிருந்து அம்மாச்சியைக் கம்பளியில் டோலி கட்டித் தூக்கிப் போனார்களாம். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், தோள் மாற்ற இன்னும் நாலு பேர். மழைக்காலம். சுமந்தவர்கள் காலெல்லாம் அட்டை. நின்று பிடுங்க நேரமில்லை. சித்தையன்கோட்டைக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டி. வார்டில் ஒருநாள் கதர்ச் சேலையோடு வந்து, கட்டிலோரம் நின்று, "மலையிலிருந்தா வந்தே?" என்று டாக்டரம்மா கேட்டதை அம்மாச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு வீட்டில் இன்றைக்கும் 'காந்திகிராமத்தான்' என்றுதான் பெயர்.

பதவியில் இருந்த வருஷங்களைவிட அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1967 தேர்தலில் தி.மு.க. அலையில் தோற்றார். தோற்றவர் வேறு பதவி தேடி அலையவில்லை. திரும்பி வந்தது காந்திகிராமத்துக்குத்தான். 1984இல் மறைந்தார்.

அம்மாச்சி பிரசவத்துக்குப் போன அந்த 1958இலேயே அவர் வேடசந்தூர் எம்.எல்.ஏ. என்பது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. அம்மாச்சியிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "அப்படியா? எங்கிட்ட ஓட்டே கேக்கலையேடா" என்றாள்.

— ஒரு வாசகர், தாண்டிக்குடி