கம்பி செய்யப் போகும் பெண்

பாயான் லெப்பாஸ், பினாங்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததே, அதுவே நிம்மதி. பெரியவள் மருத்துவம் வேண்டாம், பொருளறிவியல் படிக்கிறேன் என்கிறாள் என்று வருந்தியிருந்தாய். "இணைவு உலைக்குக் கம்பி செய்வதெல்லாம் ஒரு வேலையா?" என்றும் கேட்டிருந்தாய். வேலைதான் சேகர், அதுவும் பெரிய வேலை.

அணுக்கருக்களை ஒன்றிணைத்து ஆற்றல் எடுப்பது அணுக்கரு இணைவு உலை. அதில் பத்துக் கோடி டிகிரிக்கு மேல் கொதிக்கும் பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் கொண்ட வாயுவை, சுவரில் படாமல் பிடித்து வைப்பது காந்தப்புலம். அதை இரு மடங்காக்கினால், அதே அளவு உலையில் ஆற்றல் ஏறக்குறைய பதினாறு மடங்காகும். காந்தப்புலத்தை உண்டாக்குவது கம்பிச் சுருளில் ஓடும் மின்சாரம். செம்புக் கம்பியில் அவ்வளவு மின்சாரத்தை ஓயாமல் செலுத்தினால் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். மின்தடையற்ற மீக்கடத்திதான் வழி.

பிரான்சில் எழும்பும் ஈட்டர் என்ற பன்னாட்டு இணைவு உலையின் மிக வலிய காந்தங்களில் இருப்பது நியோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த சேர்மம். எளிதில் நொறுங்கிவிடும். அதனால் பானையை வனைந்த பிறகு சுடுவதுபோல, கம்பியை முதலில் சுருளாகச் சுற்றிவிட்டு, பிறகு 650 டிகிரி அளவில் நாள் கணக்கில் சுடுகிறார்கள். இயங்கும்போதோ அதற்கு மைனஸ் 269 டிகிரிக் குளிர் வேண்டும்.

2021 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் காமன்வெல்த் ஃபியூஷன் சிஸ்டம்ஸ் நிறுவனமும் வேறொரு பொருளால் காந்தப்புலத்தில் 20 டெஸ்லாவைத் தொட்டன (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு). அருமண் என்னும் வகை உலோகம், பேரியம், செம்பு ஆகியவை சேர்ந்த ஆக்சைடு பூசிய நாடா அது. அந்த ஒரு காந்தத்துக்கு 267 கிலோமீட்டர் நாடா தேவைப்பட்டது. குளிரும் 20 கெல்வின், அதாவது மைனஸ் 253 டிகிரி போதும். மின்சாரத்தைச் சுமக்கும் படலத்தின் தடிமன் ஓரிரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். அதிலுள்ள படிகங்கள் ஒன்றுக்கொன்று சில டிகிரி திரும்பியிருந்தாலே மின்சாரம் சரிந்துவிடும். இங்கே தொழிற்சாலையில் ஒரு சாண் அகல வேஃபரில், அதாவது சில்லு செய்யும் மெல்லிய வட்டத் தகட்டில், படலம் சீராகப் படிய நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அதையே நூற்றுக்கணக்கான மீட்டருக்குப் பிசகாமல் செய்கிறவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. விலை இன்னும் இறங்க வேண்டும். இணைவின்போது வெளிவரும் நியூட்ரான்கள் தாக்கித் தாக்கி நாடா எத்தனை காலம் தாங்கும் என்பதையும் ஆராய்ந்து தீர்க்க வேண்டும். உன் மகள் வயதுப் பிள்ளைகளுக்குக் காத்திருக்கும் வேலை இதுதான்.

அவளைத் தடுக்காதே. இங்கே பினாங்கு மாநிலத்திலேயே, நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. இந்தப் படிப்பு அங்கேயே உண்டு. விடுமுறையில் இருவரும் ரயிலேறி வாருங்கள். பட்டர்வொர்த் நிலையத்துக்கு நானே காரோடு வருகிறேன்.

அன்புடன்,
முரளி