படம் வெட்டுப்பட்டது யார் குற்றம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கணினிப் பகுதியில், வேர்டு கோப்பில் அட்டவணை அமைப்பது குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. ஆயினும், அட்டவணையின் கட்டத்துக்குள் படம் வைப்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, கட்டுரையாளர் அடுத்த செய்திக்குப் போய்விட்டார். எளிய வேலைதானே என்று அவர் எண்ணியிருக்கலாம். எங்கள் தெருவில் மூன்று நாள் அல்லல்பட்ட எவரும் அப்படி எண்ணமாட்டார்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூரின் கரையோரப் பகுதிகளுக்குள் புகுந்ததைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், சேதத்தின் படம், விவரம் என்று நான்கு பத்திகள் கொண்ட அட்டவணையாக, வேர்டு கோப்பில் ஒரு படிவம் வாட்ஸ்அப் வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தது. தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு வீடாகப் போய்ப் படமெடுத்து, அதை நிரப்ப உட்கார்ந்தார்கள். ஆனால் எந்தப் படத்தை வைத்தாலும், கட்டத்தில் வேட்டிக் கரை அகலத்துக்கு ஒரு கீற்று மட்டுமே தெரிந்தது. படத்தை அழித்துவிட்டு மறுபடி வைத்தார்கள். அளவைக் குறைத்து வைத்தார்கள். கைப்பேசியை மாற்றிப் படமெடுக்கவும் சிலர் புறப்பட்டார்கள். அதற்குள் பாதி வீடுகளில் சேற்றைக் கழுவிவிட்டிருந்தார்கள். அச்செடுக்கப் போன கடையிலோ, படமே பழுதாகிவிட்டது என்று கையை விரித்தார்கள். முடிவில் படங்களைத் தனியே அச்சிட்டு, கத்தரித்து, பசை தடவி ஒட்டித்தான் மனுவைக் கொடுத்தோம்.

படம் பழுதாகவில்லை என்பதை அதன் பிறகு பொறுமையாக உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கோப்பின் படி ஒன்றை எடுத்து, பெயரின் இறுதியில் உள்ள டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே வேர்டு என்ற கோப்புறையும் (ஃபோல்டர்) அதற்குள் மீடியா என்ற கோப்புறையும் இருக்கின்றன. நாங்கள் வைத்த படங்கள் எல்லாம் அங்கே முழுமையாகவே கிடந்தன. வெட்டியது கட்டம்தான்.

நான் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவன். அந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, எனக்கு இது இப்படித்தான் விளங்கியது: இன் லைன் வித் டெக்ஸ்ட் என்ற முறையில் வைக்கப்படும் படத்தை வேர்டு ஒரு பெரிய எழுத்தாகவே கருதுகிறது. எழுத்து வரியில் நிற்கிறது. வரி கட்டத்தில் நிற்கிறது. ஆகவே வரியின் உயரத்தை இறுக்கிப் பூட்டினாலும் படம் வெட்டுப்படும், அட்டவணையின் கிடைவரிசை (ரோ) உயரத்தைப் பூட்டினாலும் வெட்டுப்படும். எங்களுக்கு வந்த படிவத்தில் இரண்டு பூட்டும் போடப்பட்டிருந்தன. ஒரு பக்கத்துக்குப் பத்து வீடு அடங்க வேண்டும் என்பதற்காக, வரிசையின் உயரத்தை எக்ஸாக்ட்லி, அதாவது இவ்வளவேதான் என்று யாரோ நிலைநிறுத்தியிருந்தார்கள். வரி இடைவெளிக்கும் அதே எக்ஸாக்ட்லிதான்.

இந்த இரண்டாவது பூட்டு தமிழில் தட்டச்சு செய்வோருக்கே உரிய தொல்லை என்று கருதுகிறேன். லதா போன்ற யூனிகோடு எழுத்துருக்களில் வரிக்கும் வரிக்கும் நடுவே இடம் தாராளமாக விழுகிறது; தாளை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் உடனே இடைவெளியை 14 புள்ளி (பாயிண்ட்), 16 புள்ளி என்று இறுக்கிவிடுகிறார்கள். எழுத்துக்கு அது சரி. மூன்று அங்குல உயரமுள்ள படத்தைக் கொண்டுவந்து அந்த 16 புள்ளி வரியில் நிறுத்தினால், அது வேறு என்ன செய்யும்?

எந்தப் பூட்டு என்பதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் படத்தையே பார்த்தால் போதும். கீற்றில் படத்தின் அடிப்பகுதி, அதாவது வீட்டின் வாசற்படி மட்டும் தெரிந்தால் குறை வரி இடைவெளியில் இருக்கிறது. படம் வரியின் அடிக்கோட்டில் நிற்பதால் தலை போய்விடுகிறது. மேற்பகுதி, அதாவது கூரை தெரிந்து கீழே வெட்டுப்பட்டிருந்தால் வரிசையின் உயரத்தைப் பார்க்க வேண்டும். முன்னதற்கு, படத்தின் மீது சொடுக்கிவிட்டு கண்ட்ரோல் விசையோடு 1-ஐ அழுத்தினால் இடைவெளி சிங்கிள் ஆகிவிடும். பின்னதற்கு, டேபிள் பிராப்பர்ட்டீஸ் சாளரத்தில் ரோ என்ற பகுதிக்குச் சென்று, எக்ஸாக்ட்லி என்பதை அட் லீஸ்ட், அதாவது குறைந்தது இவ்வளவு என்று மாற்ற வேண்டும். இரண்டும் பூட்டியிருக்கும்போது ஒன்றை மட்டும் திறந்தால் படம் முழுதாக வராது. எங்கள் பிள்ளைகளில் ஒருவன் முதல் நாளே வரிசை உயரத்தை மாற்றிப் பார்த்து, பயனில்லை என்று மறுபடி பழையபடி ஆக்கியிருந்தான் என்பது பின்னர்தான் தெரிந்தது.

பத்தி விரிந்துகொண்டே போய் அட்டவணை தாளைத் தாண்டுகிறது என்றால், அது வேறு குறை. அட்டவணையின் ஆப்ஷன்ஸ் பகுதியில், உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக அளவு மாறும் வசதியை நிறுத்திவிட்டால், வைக்கப்படும் படம் கட்டத்தின் அகலத்துக்கு அடங்கிவிடும்.

எழுத்தாக நிற்காமல் மிதக்கும் முறையிலும் படத்தை வைக்கலாம். அப்போது அது எழுத்துப் பத்தி (பாராகிராஃப்) ஒன்றோடு நங்கூரத்தால் பிணைக்கப்பட்டிருக்கும்; அதைத் தேர்ந்தெடுத்தால் திரையில் நங்கூரக் குறியே தெரியும். துறைமுகம் உள்ள ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: நங்கூரம் ஓரிடத்தில், படகு ஓரிடத்தில். லேஅவுட் இன் டேபிள் செல் என்ற குறியை எடுத்துவிட்டால் படம் கட்டத்துக்கு வெளியேகூடப் போய் நிற்கும். அதே கோப்பை, வேர்டுக்குப் பதிலாக லிப்ரேஆபீஸ் என்ற மென்பொருளை வைத்திருக்கும் கடையில் திறக்கும்போது, மிதக்கும் படங்கள் இடம் மாறுவதும் உண்டு. ஆகையால் அட்டவணைக்குள் படம் எழுத்தாக நிற்பதே நல்லது என்பது என் துணிபு. அழகு குறைவுதான், ஆனாலும் அச்சுக் கடையில் போய் விழிக்க நேராது.

தங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை இந்தச் செய்திகளைத் திரை விளக்கப் படங்களோடு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொதுமக்களுக்குப் படிவம் தயாரித்து அனுப்பும் அலுவலகத்தாரும், படத்துக்கென்று ஒரு பத்தியை ஒதுக்கும்போது அந்த வரிசையின் உயரத்தை அட் லீஸ்ட் என்று வைத்து, ஒரு மாதிரிப் படத்தையும் இட்டு, அச்செடுத்துப் பார்த்த பிறகே அனுப்பினால் நன்றாயிருக்கும். எங்களுக்கு வந்த பழைய படிவம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் அப்படியே இருக்கிறது. இரண்டு பூட்டையும் நீக்கிய படி ஒன்றை நான் அதற்குக் கீழே போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர்,
கடலூர்.