ஹாங்காங்கில் நான் போட்ட இரண்டு ஓட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஹாங்காங் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஜனநாயகத்தை ஆங்கிலேயன் கொடுத்தான், சீனா வந்து பிடுங்கிக்கொண்டது என்று முடித்துவிட்டீர்கள். பிடுங்கியது உண்மைதான். கொடுத்த கதையில்தான் எனக்குச் சண்டை.

1946இலேயே அப்போதைய ஆளுநர் மார்க் யங் மக்கள் ஓட்டுப்போட்டு ஆட்களை அனுப்பும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். 1952இல் அதைத் தூக்கிப் பரணில் போட்டார்கள். அதற்கப்புறம் 1991 வரைக்கும் சட்டமன்றத்துக்கு நேரடித் தேர்தல் என்ற பேச்சே நடைமுறைக்கு வரவில்லை, வந்தபோதும் 60 இடத்தில் 18தான். வீட்டைக் காலி பண்ணப் போகிறவன் கடைசி மாதத்தில் சுண்ணாம்பு அடித்த கதை.

1997இல் ஹாங்காங் சீனாவின் கைக்குப் போகும்வரை கடைசி ஆங்கிலேய ஆளுநராக இருந்த கிறிஸ் பேட்டனைக் குறைசொல்ல வரவில்லை, மனிதர் கெட்டிக்காரர். சீனாவோடு பேசி முடித்திருந்த கணக்குப்படி நேரடி இடங்களை 20க்கு மேல் ஏற்ற முடியாது, அதனால் தொழில்வாரித் தொகுதிகளில் கைவைத்தார். வங்கி, வக்கீல், டாக்டர் என்று குறிப்பிட்ட சில தொழில்காரர்கள் மட்டும் ஓட்டுப்போட்ட அந்த ஏற்பாட்டில் ஒன்பது புதுத் தொகுதிகளைச் சேர்த்து, ஓட்டலில் தட்டு கழுவுகிறவருக்கும் தையல் மெஷினில் உட்காருகிறவருக்கும் உரிமை கொடுத்தார், 27 லட்சம் பேருக்கு. பெய்ஜிங் கொதித்துப்போய் அவரை ஆயிரம் ஆண்டுப் பாவி என்றது!

1994 ஜூனில் இந்தத் திட்டத்தின்மேல் சட்டமன்றத்தில் விவாதம் நள்ளிரவைத் தாண்டி நடந்தது. திட்டத்தை நீர்த்துப்போகச் செய்யும் திருத்தம் ஒரே ஓட்டில் தோற்றது, 29க்கு 28. இதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். 60 இடத்துக்கும் நேரடித் தேர்தல் வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினர் எமிலி லாவ் கொண்டுவந்த மசோதாவும் அதே சமயத்தில் ஒரே ஓட்டில் தோற்றதே, 21க்கு 20, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? அந்தச் சபையில் 18 பேர் ஆளுநர் நியமித்தவர்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

சரி, எனக்கென்ன இதில் அக்கறை என்று கேட்பீர்கள். எங்கள் காயல்பட்டினத்துக்காரர்கள் பலரைப்போல நானும் ஹாங்காங்கின் சிம் ஷா சூய் பகுதியில் ஒரு கடையில் வேலை பார்த்தவன். ஏழு வருஷம் தங்கி நிரந்தர வசிப்புரிமை வாங்கியவருக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட் இருந்தாலும் அங்கே ஓட்டு உண்டு. 1995 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று இரண்டு ஓட்டுப் போட்டேன், பகுதிக்கு ஒன்று, மொத்த வியாபாரமும் சில்லறை வியாபாரமும் சேர்ந்த தொழில்வாரித் தொகுதிக்கு ஒன்று. என் சீன முதலாளி எனக்கு இரண்டு ஆள் பின்னால் நின்றார். அவருக்கும் அதே இரண்டுதான்.

1997 ஜூலையில் அந்தச் சபையையே கலைத்துவிட்டார்கள். மறுவருஷத் தேர்தலில் வியாபாரத் தொகுதியில் ஓட்டுப்போட வர்த்தகச் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. முதலாளி உறுப்பினர். அவருக்கு மறுபடியும் இரண்டு, எனக்கு ஒன்று.

இப்படிக்கு,
வாசகர், காயல்பட்டினம்