இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. தேர்வு முடிவுகள் ஆறுதல் தருகின்றன. விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தேறின. பரிசு பெற்றவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளன. நூலகத்துக்குப் புதிய நூல்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் உங்கள் ஒத்துழைப்பே காரணம்.

இனி, வருகைப் பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

பருவ இறுதியில் பதிவேடுகளைச் சரிபார்ப்பது என் வழக்கம். இம்முறை விடுப்புக் கடிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மாணவர்களின் கடிதங்களில் காய்ச்சல், வயிற்றுவலி, உறவினர் திருமணம். மாணவிகளின் கடிதங்களிலும் இவை உண்டு. கூடவே இன்னொரு வகையும் உண்டு: 'பாட்டிக்குத் துணையாக இருக்க வேண்டியுள்ளது', 'குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை', 'வீட்டுக்கு விருந்தினர் வருகிறார்கள்'. இப்படி ஒரு கடிதம்கூட எந்த மாணவனின் பெயரிலும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரின் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவனே ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய தம்பிதான். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே பாட்டி. அக்கா துணைக்கு இருக்கிறாள், தம்பி வகுப்புக்கு வந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அனுப்பினார்கள், வந்தான்.

உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. தாயும் தந்தையும் வேலைக்குப் போகிற வீடுகள் பல. நோயில் படுத்த பெரியவர்களை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அவசரம் எந்த வீட்டுக்கும் வரும். வரும்போதெல்லாம் மகளின் புத்தகப்பை மட்டும் ஏன் கீழே இறக்கப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

இது உலகம் முழுக்க நடப்பதுதான். 5 முதல் 14 வயது வரையுள்ள சிறுமிகள், அதே வயதுச் சிறுவர்களைவிட வீட்டு வேலைகளில் 40 சதவீதம் கூடுதல் நேரம் செலவிடுகிறார்கள் என்று யூனிசெஃப் 2016-இல் கணக்கிட்டது. அவர்கள் வளர்ந்த பிறகும் நிலைமை மாறுவதில்லை. ஊதியமில்லாத பராமரிப்பு வேலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பெண்களின் தலையில்தான் விழுகிறது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கை. 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, கல்வியைச் சம வாய்ப்பின் அடிப்படையில் தரச் சொல்கிறது. அந்தச் சம வாய்ப்பு காலை மணி அடிப்பதற்குள் உங்கள் வீட்டு வாசலிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

ஒரு நாள்தானே என்று தோன்றலாம். பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் வேதியியல் செய்முறை வகுப்புக்கு வர இயலவில்லை. மறுநாள் தோழியின் ஏட்டைப் பார்த்து அளவீடுகளை அழகாக எழுதிக்கொண்டார். திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்துப் பழகுவதை எந்த ஏட்டிலிருந்து பார்த்து எழுதுவது?

ஆகவே, அடுத்த பருவம் முதல் வீட்டு வேலையைக் காரணம் காட்டும் விடுப்புக் கடிதங்கள் ஏற்கப்படமாட்டா. வகுப்பாசிரியர் அன்று காலையே உங்களைத் தொலைபேசியில் அழைப்பார். 'காய்ச்சல்' என்று மாற்றி எழுதிவிடலாம் என நினைக்க வேண்டாம். பிள்ளைகள் எங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். வகுப்பறையைப் பெருக்கும் பணியில் மாணவர்களையும் முறைவைத்துச் சேர்த்ததற்கு, "என் மகன் துடைப்பம் பிடிக்கவா பள்ளிக்கூடம் வருகிறான்?" என்று ஒரு தந்தை கேட்டார். மகள்கள் மட்டும் அதற்காகவா வருகிறார்கள் என்று நான் அப்போது திருப்பிக் கேட்கவில்லை. இப்போது கேட்டுவைக்கிறேன். முறைப்பட்டியல் மாறாது.

உண்மையான நெருக்கடி என்றால் தயங்காமல் சொல்லுங்கள். தவறிய பாடங்களை மாலையில் நடத்த ஆசிரியர்கள் முன்வந்திருக்கிறார்கள். வீட்டில் யார் இருப்பது என்பதை மகனையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் பெரியவர்களில் யாராவது விடுப்பு எடுக்க முடியுமா என்று பாருங்கள். வீட்டில் அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில் தாமே அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு, மகளைத் தேர்வுக்கு அனுப்பிவைத்த தந்தைக்கு என் தனிப்பட்ட நன்றி. எவ்வளவோ இடைஞ்சல்களுக்கு நடுவிலும் பெண் பிள்ளைகளை ஒரு நாள்கூட நிறுத்தாமல் அனுப்பிவரும் தாய்மார்களுக்கும் நன்றி.

பள்ளி திறக்கும் நாளில் பெற்றோர் கூட்டம் நடைபெறும். தாய், தந்தை இருவரில் வழக்கமாக வராதவர் இம்முறை வந்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்